கிளாஸ்கோவில் ஒன்பது வாரம்: திரும்பி வந்துவிடட்டுமா, டீச்சர்?

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போன ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் எடுத்துவிட்டேன். கடிதம் நீளமானது, தேவையான பகுதிகளை மட்டும் தருகிறேன்.

"டீச்சர், எனக்கு 24 வயது. செப்டெம்பர் நடுவில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு கிளாஸ்கோ வந்தேன். கட்டணத்தில் பாதிக்குப் புலமைப்பரிசில். மீதிக்கு அண்ணா கட்டாரிலிருந்து அனுப்பினார், அப்பாவின் ஈபிஎப் (சேமலாப நிதி) காசு போனது, அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பெயரும் கிளாஸ்கோதான். 'கிளாஸ்கோவுக்கா போற, நடந்தே போயிரலாமே' என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் சிரித்தார்கள். கோயிலில் பூசை வைத்து, வேன் பிடித்து, கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வந்து அனுப்பினார்கள்.

இங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறோம். ஒருநாள் செத்தல் மிளகாய் தாளித்தேன், வீடு முழுக்க அலாரம் அடித்து எல்லாரும் தெருவில் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு சமைக்கவில்லை, பாணும் நூடில்ஸும்தான். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் ஏழு எடுத்தேன், ஆனால் இங்கே பஸ் டிரைவர் சொல்வது விளங்கவில்லை. வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஒரு கோப்பிக்கு மூன்றரைப் பவுண். அது அம்மாவின் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம். அதனால் யாராவது கூப்பிட்டாலும் நான் போவதில்லை.

ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்னேர வேலை. கையில் காசு, மணிக்கு எட்டுப் பவுண். பதினொன்றரைக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் பேசுகிறேன். 'நல்லா சாப்பிடுறேன்மா' என்று பொய் சொல்கிறேன். தெரிந்த ஒரு அண்ணா தன்னுடைய உணவு டெலிவரி கணக்கை எனக்கு வாடகைக்குத் தருகிறேன் என்கிறார், இன்னும் உழைக்கலாமாம்.

தீபாவளிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டது. 'ஊரில எவடம்?' என்று கேட்டார்கள். நுவரெலியா என்றேன். 'டவுனோ?' என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு நித்திரையே வரவில்லை.

வைத்தியரிடம் பதிந்தேன், அவர்கள் அனுப்பிய கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை. கதவில் பழைய ஆட்களின் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன, என் பெயர் இல்லை. காலையில் எழும்பவே வேண்டாம் போல இருக்கிறது. நான் திரும்பி வந்துவிடட்டுமா, டீச்சர்? வந்தால் எந்த முகத்தோடு வருவது?"

மகள், உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதலில் கடைசி வரிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

"எழும்பவே வேண்டாம் போல" என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பில் சொல்கிறீர்களா, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறதா? சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், ஏனென்றால் கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. கேட்டால் சொல்ல முடிகிறது. இரண்டாவதுதான் என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே பேசுங்கள். அங்கே 116 123 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் என்ற, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் அமைப்பினர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறார்கள், அழைப்புக்குக் காசு இல்லை. 111க்கு அடித்தால் அரச சுகாதார சேவை மனநல உதவிக்கு இணைத்துவிடும். அந்த நிமிடத்திலேயே ஆபத்து என்றால் 999. வெறும் களைப்புத்தான் என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பசியும் நித்திரையும் இல்லையென்றால் அதுவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே வருடத்துக்கு 776 பவுண் கணக்கில் சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே போனீர்கள், அது உங்களுடைய உரிமை. ஸ்கொட்லாந்தில் வைத்தியர் எழுதித்தரும் மருந்துக்குக் கட்டணமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை இலவசமாகக் கிடைக்கும். அங்கே பேசுவது உங்கள் விரிவுரையாளருக்குப் போவதில்லை, விசாவைக் கெடுப்பதுமில்லை. இதைப் பிடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் "யாருக்கும் தெரிஞ்சிட்டா அனுப்பிருவாங்க" என்ற பயத்திலேயே உதவி கேட்காமல் இருக்கிறார்கள்.

சரி. இனி மெதுவாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக உறைத்தது குளிரோ பாஷையோ இல்லை. பன்னிரண்டு மணி. நீங்கள் கிளாஸ்கோவில் இரவு பன்னிரண்டுக்குப் போன் எடுக்கும்போது நம் நாட்டில் காலை ஐந்தரை. அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பப் போகிறார். நீங்கள் அந்த நேரத்தைப் பிடிப்பதற்காக முழித்திருக்கிறீர்கள். பிறகு ஒன்றரை, இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பது மணி விரிவுரைக்கு ஓடுகிறீர்கள். உடம்பு கிளாஸ்கோவில், மணிக்கூடு அக்கரப்பத்தனையில். ஒன்பது வாரமாக நீங்கள் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதோடு கோப்பிக் கணக்கு. மூன்றரைப் பவுண் என்றவுடன் உங்கள் கண்ணுக்குத் தெரிவது கோப்பி இல்லை. மழையில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்கும் அம்மா. எனக்கு அது விளங்குகிறது. நானும் கொழுந்துக் காசில் படித்தவள். அந்தக் கணக்கை மறந்துவிடு என்று யாராவது உங்களுக்குப் புத்தி சொன்னால் அவருக்குத் தோட்டம் தெரியாது. ஆனால் மகள், அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. செலவை ரூபாயில் எழுதுகிறீர்கள், வருமானத்தைப் பவுணில் எழுதுகிறீர்கள். கோப்பி அம்மாவின் ஒரு பேர் என்றால், அங்கே சட்டப்படி ஒரு மணி நேர வேலை அம்மாவின் மூன்று பேருக்கு மேல். இரண்டையும் ஒரே நாட்டுக் காசில் எழுதுங்கள். அங்கே வாழும் வரைக்கும் பவுணிலேயே எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வகுப்புப் பிள்ளைகளோடு போய் அந்தக் கோப்பியைக் குடியுங்கள். அதை ஆடம்பரச் செலவில் சேர்க்காதீர்கள். புத்தகச் செலவு மாதிரி, படிப்புச் செலவில் எழுதுங்கள். குழு வேலைக்கு யாரோடு சேர்வது, எந்த விரிவுரையாளரிடம் எப்படிக் கேட்பது, எங்கே நல்ல பகுதிநேர வேலை இருக்கிறது, இதெல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படுகிறது. அங்கே இல்லாதவருக்கு இதெல்லாம் தெரியவராது.

அம்மாவுடன் பேசும் நேரத்தை மாற்றுங்கள். இப்போது உங்களுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். உங்கள் பின்னேரம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு ஏழரை, அம்மா கைகால் கழுவி உட்கார்ந்திருக்கும் நேரம். லயத்தில் சிக்னல் எடுக்காது, மேட்டுக்கு ஏறித்தான் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணியை வையுங்கள், இங்கே ஆறரை. மற்ற நாட்களில் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். முதல் வாரம் அம்மாவுக்கு ஏக்கமாக இருக்கும், உங்களுக்குக் குற்ற உணர்வு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் பழகிவிடும்.

அப்புறம் அந்தப் பொய். என்னிடம் வரும் தாய்மாரில் எத்தனையோ பேர் ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "பிள்ள நல்லா இருக்கேன்னுதான் சொல்லுது டீச்சர், ஆனா கொரல் சரியில்ல." அம்மாவுக்குத் தெரியும் மகள். அவருக்குத் தெரியாதது என்ன பிரச்சினை என்பது மட்டும்தான், அதனால் அவர் கற்பனையில் அது மலையளவு பெரிதாக இருக்கிறது. "சாப்பாடு சரியில்லம்மா, அலாரம் அடிக்குது, சமைக்கப் பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தாயால் யோசனை சொல்லக்கூடிய பிரச்சினை அது. சொல்வார்.

அந்த அலாரத்துக்கு நானே ஒரு வழி சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பாணில் காலம் தள்ளுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஸ்கொட்லாந்தில் 2022 பெப்ரவரியிலிருந்து வீடுகளில் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் ஒன்று அடித்தால் வீடே அடிக்கிறது. ஆனால் சமையலறையில் வைப்பது வழக்கமாகச் சூட்டுக்கு அடிக்கும் அலாரம், அது புகைக்கு அடிக்காது. புகைக்கு அடிப்பது நடையிலும் வரவேற்பறையிலும் உள்ளவை. உங்கள் மிளகாய்ப் புகை திறந்த கதவு வழியாக நடைக்குப் போயிருக்கும். சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அடுப்புக்கு மேல் காற்றிழுக்கும் விசிறி இருந்தால் போடுங்கள், மிளகாயைக் கடைசியில் போடுங்கள். சனிக்கிழமை போலொக்‌ஷீல்ட்ஸில் அல்பர்ட் டிரைவ் பக்கம் போனால் நம் சாமான் விற்கும் ஆசியக் கடைகள் இருக்கின்றன, கோவன்ஹில் பக்கமும் இருக்கின்றன. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் வாங்குங்கள். ரொட்டிக்கு வேறு என்ன வேண்டும், கட்டசம்பலுக்கு வெங்காயமும் மிளகாயும் உப்பும் தேசிக்காயும். கூட இருக்கும் மூன்று பேரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் இன்றைக்குச் சமைக்கப் போகிறேன், கதவைச் சாத்தி வைக்கிறேன்." அன்றைக்கு அவர்கள் தெருவில் நின்றதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். அங்கே மாணவர் வீடுகளில் கருகிய பாணுக்கே அலாரம் அடிக்கும். அடுத்த நாளே அதை மறந்திருப்பார்கள்.

வேலையைப் பற்றி இனிக் கண்டிப்பாகவே பேசுகிறேன். டெலிவரி கணக்கைத் தொடாதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை, அந்த டெலிவரி வேலை சுயதொழிலாகத்தான் கணக்கு. அதோடு இன்னொருவர் பெயரில் ஓடுவது. பிடிபட்டால் அந்த அண்ணாவுக்கு வருமானம் போகும். உங்களுக்கு விசா போகும், படிப்பு போகும், கட்டிய காசு போகும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கஷ்டத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த வழியைச் சொல்லியிருப்பார். "எனக்குப் பயமா இருக்குண்ணா, வேணாம்" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும்.

சாப்பாட்டுக் கடை வேலையும் சரியில்லை. 2025 ஏப்ரலிலேயே 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆகிவிட்டது. எட்டுப் பவுண் என்பது சட்டத்துக்குக் கீழே. கையில் காசு வாங்குவது தனியாக ஒரு குற்றமில்லை, ஆனால் சம்பளத் துண்டு இல்லையென்றால் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குள்தான் வேலை செய்தீர்கள் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த இருபது மணி திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்குமான கணக்கு. இந்த வாரம் குறைத்து அடுத்த வாரம் கூட்ட முடியாது. பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவில் பகுதிநேர வேலைகளின் பட்டியல் இருக்கும், நூலக வேலை, புது மாணவர்களைச் சுற்றிக் காட்டும் வேலை போல. முதலில் அங்கே பதிந்து, வேறு வேலை கையில் வந்ததும் இதை விடுங்கள். வர வேண்டிய சம்பள பாக்கியைக் கேட்பது எப்படி என்று 0300 123 1100 என்ற எண்ணில் அகாஸ் என்ற அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். அதுவரைக்கும் வேலை செய்த நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உங்கள் அம்மாவும் தன் கொழுந்து நிறுவையை அப்படித்தானே பார்த்துக்கொள்வார்.

இந்தத் தவணை முடியும் வரைக்கும் வேலையை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குறைக்க முடியுமா என்று பாருங்கள். அடகு வட்டியை நினைத்துப் பயப்படுவீர்கள் என்று தெரியும். அண்ணாவிடம் பேசுங்கள், இரண்டு மாத வட்டியை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பரீட்சையில் தவறினால் இரண்டு மாத வட்டியைப் போலப் பல மடங்கு போய்விடும். உண்மையிலேயே கையில் காசு முடிந்துவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் அவசர உதவி நிதி இருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கும் தருவார்களா என்று மாணவர் ஆலோசனைப் பிரிவில் கேளுங்கள். வீட்டு முற்பணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்கொட்லாந்தில் அதை வீட்டுச் சொந்தக்காரர் 30 வேலை நாட்களுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைப்பிலிட வேண்டும். வைத்ததற்கு உங்களுக்கு அறிவித்தல் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் கேளுங்கள்.

வகுப்பில் வாய் திறக்காததற்கு உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். அதில் பாதிப் பழியை நான் எடுத்துக்கொள்கிறேன். பதினாறு வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள் நான். டீச்சர் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்தோம். அங்கே அந்த அமைதியை, ஆயத்தம் செய்யாமல் வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். முதல் நாள் இரவே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றே ஒன்று. முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்கலாம் என்று தள்ளினால் நெஞ்சு படபடத்து நேரம் போய்விடும். அதுவும் முடியாவிட்டால் விரிவுரையாளர் மாணவரைச் சந்திக்கும் நேரத்தில் தனியாகப் போங்கள். ஒரு தடவை தனியாகப் பேசிய முகத்துக்கு முன்னால் வகுப்பில் பேசுவது லேசு.

பாஷையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அங்கே பிறக்காத ஆங்கிலேயருக்கே கிளாஸ்கோப் பேச்சு சிரமம். கடைக்குச் சாமான் வாங்கப் போவதை "மெசேஜஸ்" வாங்கப் போவதாகச் சொல்வார்கள். "ஏன்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "ஹவ்" என்பார்கள். சின்னது எல்லாம் "வீ". நம் ஆட்கள் பரேடைப் பெரட்டு ஆக்கி, ஸ்டோரை இஸ்டோர் ஆக்கிப் பேசினார்களே, வெளியிலிருந்து வந்தவனுக்கு அது விளங்கியிருக்குமா? இதுவும் அதே கதைதான், கேட்கக் கேட்கப் பிடிபடும். "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வெளிச்சம் ஒரு தனி விஷயம், அதை லேசாக எடுக்காதீர்கள். நாம் வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் இடத்தில் வளர்ந்தவர்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கிளாஸ்கோவில் காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், பின்னேரம் மூன்றே முக்காலுக்குப் போய்விடும். ஏழு மணி நேரப் பகல், அதுவும் பாதி நாள் மேகம். இந்த இருட்டு அங்கே பிறந்தவர்களின் மனதையே கீழே இழுக்கும். உங்கள் சோர்வில் ஒரு பங்கு இதனால் வந்தது. பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரம் வெளியில் நடந்தே ஆக வேண்டும், தூறினாலும். வைட்டமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கும்படி குளிர்காலத்தில் எல்லாருக்கும் சுகாதார சேவை சொல்கிறது, நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களை வருடம் முழுக்க யோசிக்கச் சொல்கிறது. பாமசியில் மலிவு. குடையை நம்பாதீர்கள், அந்தக் காற்றுக்கு நிற்காது. மலையில் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு இது தெரியும். பழைய உடுப்பு விற்கும் தர்மக் கடைகளில் தலைமூடியோடு தண்ணீர் புகாத ஜக்கட் ஒன்று பாருங்கள்.

நண்பர் பிடியுங்கள் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது கட்டளை போட்டு நடக்கிற காரியமில்லை. தோட்டத்தில் நமக்கு எப்படி ஆள் பழக்கம் வந்தது என்று யோசியுங்கள். பீலியில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில். தினமும் அதே நேரம் அதே குடத்தோடு அதே ஆட்கள். யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை, முகம் பழகியது, பிறகு பேச்சு வந்தது. அங்கே உங்களுக்கு ஒரு பீலி வேண்டும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம். நூலகத்தில் ஒரே மேசையாக இருக்கலாம், ஒரு நடைப்பயணக் குழுவாக இருக்கலாம். லா பெல் பிளேஸில் இந்துக் கோயில் இருக்கிறது, பக்கத்தில்தான் கெல்வின்குரோவ் பூங்காவும் அருங்காட்சியகமும். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளே சூடாக இருக்கும். ஆறு வாரம் தொடர்ந்து போங்கள். மூன்றாம் வாரம் யாராவது தலையாட்டுவார். ஊரைப் பழக ஒரு ஞாயிறு அங்குள்ள சுரங்க ரயிலில் ஏறுங்கள். 1896இல் திறந்தது, பதினைந்து நிலையங்கள், வட்டமாகச் சுற்றும். தவற விட்டாலும் தொலைய முடியாது, ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

இனி அந்தத் தீபாவளி வீட்டுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் மூன்றே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த இடம் இது.

நான் முப்பது வருடங்களுக்கு முன் சென்னைக்குப் படிக்கப் போனேன். நம் பாஷை பேசும் ஊர், சோறும் சாம்பாரும்தான், ஆனாலும் வாய் திறந்தால் "நீங்க மலையாளமா?" என்பார்கள். சிலோன் என்றால், சிலோனில் எங்கே என்பார்கள். இரண்டு வருடம் முழுக்க நான் "கண்டி" என்றே சொன்னேன். பொய்யில்லை, நம் பாட்டன் பூட்டனெல்லாம் வந்ததையே கண்டிச்சீமைக்குப் போனதாகத்தான் அங்கே சொல்வார்கள். ஆனால் நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை. தோட்டம் என்ற சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் அப்பா முகம் வந்து நிற்கும். அதனால் "ஓம், டவுன்தான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் விழித்துக் கிடந்த இரவு எனக்குத் தெரிந்த இரவு.

நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கேள்வி சில வாய்களில் வெறும் விசாரிப்பு, சில வாய்களில் எடை போடுதல். கேட்கிற அந்த நொடியில் எது என்று தெரியாததால் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. யாருக்கும் உங்கள் பிறப்பு விவரத்தை ஒப்புவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மறைத்துக்கொண்டே ஒரு ஊரில் வாழ்வது களைப்பான வேலை. எதைச் சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்று எப்போதும் காவல் நிற்க வேண்டும். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனால், தீபாவளிக்குக் கூப்பிட்டு வயிறு நிறையச் சோறு போட்டவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு, "அன்றைக்கு டவுன் என்று சொன்னேன் அன்ரி, நான் அக்கரப்பத்தனையில் தோட்டத்துப் பிள்ளை, அம்மா கொழுந்து எடுக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அங்கே இனிப் போவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் இன்னொரு கரண்டி சோறுதான் விழும் என்று நம்புகிறேன்.

வகுப்பில் ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது இன்னும் லேசு. "எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பெயர் கிளாஸ்கோ" என்று ஆரம்பியுங்கள், யாராவது நிமிர்ந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள். அக்கரப்பத்தனையில் பெல்மோரல், வேவர்லி. நானுஓயாவில் எடின்பரோ. தலவாக்கலையில் ஹோலிரூட். எல்லாம் அவர்கள் ஊர்ப் பெயர்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவிலேயே பிறந்து, 1871இல் அங்கேதான் முதல் கடையைத் திறந்தார், 1931இல் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவர் குடும்பக் கல்லறை தென் நெக்ரோபொலிஸ் மயானத்தில் இருக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேயிலைப் பெட்டி தெரியும். கொழுந்து எடுத்த கை யாருடையது என்று தெரிந்திருக்காது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். உங்கள் முதல் கேள்வியை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தீர்களே.

திரும்பி வருவதா என்று கேட்டீர்கள். வரலாம். நான் அதை முகம் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்க்கவில்லை. வேன் பிடித்து வந்தவர்கள் உங்கள் மேல் உள்ள பாசத்தில் வந்தார்கள், பந்தயம் கட்டி வரவில்லை. ஆனால் நவம்பர் இருட்டில், நித்திரை இல்லாமல், பாண் தின்றுகொண்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். தைப்பொங்கல் கழியட்டும். அதற்குள் பரீட்சை முடிந்திருக்கும், பகலும் நீளத் தொடங்கியிருக்கும். ஜனவரி கடைசியில் அங்கே நாலரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நித்திரை, சாப்பாடு, வேலை மூன்றையும் சரிசெய்த பிறகும் இதே மனம் இருந்தால், முதலில் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். படிப்பை இடைநிறுத்தி வைக்க முடியுமா, கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், விசா என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். படிப்பை நிறுத்தினால் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டியிருக்கும், அதனால் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிடாதீர்கள். முறையாகச் செய்துவிட்டு வந்தால் பின்னால் வேறு கதவுகள் திறந்திருக்கும்.

பிள்ளையை வெளியூர் அனுப்பிய பெற்றோர் இதை வாசித்தால் ஒரு சின்ன வேண்டுகோள். "சாப்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "இன்னைக்கு யாரோட பேசுன?" என்று கேளுங்கள்.

கடைசியாக அந்தக் கடிதம். வைத்தியர் அனுப்பியது வரவில்லை என்றீர்கள். கிளாஸ்கோவின் பழைய மாடி வீடுகளில் 2/1 என்று இருந்தால் இரண்டாம் மாடி, முதல் வீடு. ஆனால் கதவிலும் கீழே மணியிலும் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் சந்தேகப்படுவார். நம் லயத்தில் வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். யாராவது எடுத்து வந்து தந்தால் உண்டு, இல்லாவிட்டால் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைக்கும். நானே அப்படி ஒன்றை இழந்தவள். நம் மலைகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனவர்களின் ஊரில் உங்களுக்கு இப்போது ஒரு கதவு இருக்கிறது. நாளைக் காலையில் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் முழுப்பெயரை, அப்பா பெயரோடு, ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி அந்தக் கதவில் ஒட்டுங்கள். மழைக்குக் கரையாதபடி கீழே மணியிலும் ஒன்று, மேலே செலோடேப் போட்டு. ஒட்டிவிட்டு விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை ஹட்டன் தபாலகத்தில் போடுகிறேன், வந்து சேருகிறதா பார்ப்போம்.